பெட்டி மேல 600, கையில 94

பவர்லைன் அடாப்டர் வாங்கினவங்க பலர் ஒரே புலம்பலைச் சொல்றாங்க: "ஒயர்லதானே போகுது, ஏன் இவ்வளவு ஸ்லோ?" அப்படிக் கேட்க வைத்ததில் பெட்டியில் அச்சடித்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

'ஏவி600' என்பதில் உள்ள 600, இரண்டு அடாப்டர்களும் மின்கம்பி வழியாகப் பேசிக்கொள்ளும் கச்சா வேகத்தின் உச்சம், விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்று. பிழைதிருத்தத்துக்கான கூடுதல் பிட்டுகளும் இதில் அடக்கம். போறதும் வர்றதும் ஒரே பாதையில், மாறி மாறித்தான். மூணாவதா ஒரு அடாப்டர் சேர்த்தா அதுவும் பங்கு கேட்கும். இதைவிடக் கொடுமை, இந்த ரக மாடல்கள் பலவற்றில் லேன் போர்ட்டே 100 மெகாபிட்தான். அதில் நிஜமாகக் கைக்கு வருவது 94, 95. வாசல் சின்னது, ஹால் எவ்வளவு பெரிசா இருந்து என்ன பயன்?

அதோடு, இதை 'ஒயர்டு' என்று சொல்வதே பாதி உண்மை. ஹோம்பிளக் ஏவி சுமார் 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை வீட்டு ஒயரிங்கில் ஏற்றுகிறது. 2012-ல் வந்த ஏவி2 அதை 86 வரை நீட்டியது. அந்த ஒயர் மின்சாரத்துக்குப் போட்டது. செல்போன் சார்ஜர், மலிவான எல்இடி பல்பு எல்லாம் அதில் இரைச்சல் கிளப்பும். சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால், அது சிக்னலையும் சேர்த்து வடிகட்டிவிடும்.

இணையத்தில் கிடைக்கும் தீர்வுக் குறிப்புகள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. பிளக்கை மாத்து, ரீசெட் பண்ணு, ஃபர்ம்வேர் ஏத்து என்று அடுக்குவாங்க. முதல்ல அளந்து பார் என்று சொல்றவங்க குறைவு.

அளப்பது கஷ்டமில்லை. இரண்டு அடாப்டரையும் ஒரே அறையில் நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகி, இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே ஐபெர்ஃப் ஓட்டுங்க. இணையம் இதில் வராது. 94-லேயே அசையாமல் நின்றால் ஒயரிங்கைத் திட்டாதீங்க. போர்ட்டைப் பாருங்க, கேபிளையும் பாருங்க. கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேணும், ஒண்ணு அறுந்தாலும் 100-க்கு இறங்கிடலாம். இங்கே நல்ல வேகம், மாடியில் மட்டும் ஏறி இறங்குதுன்னா, குற்றவாளி நடுவில் உள்ள ஒயரிங். அடாப்டரோட சொந்த ஆப் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். அதுவும் கச்சா வேகம்தான்.

நம்ம ஊர் த்ரீ ஃபேஸ் வீடுகளில் இன்னொரு சிக்கல். அடாப்டர்கள் வேறு வேறு ஃபேஸில் இருந்தால் சிக்னல் கசிந்துதான் போய்ச் சேரும். கரண்ட் இல்லாத நேரத்தில் ஃபேஸ் மாத்தும் சுவிட்சைத் திருப்புவோமே, நேற்று ஓடினது இன்று படுத்துக்கொள்ள அது ஒன்றே போதும். எந்தக் கையேடும் இதை எனக்குச் சொல்லவில்லை. வாரக்கணக்கில் கேபிள் மாத்திப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது.

பவர்லைன் மோசமான தொழில்நுட்பம் இல்லை. சுவரை உடைக்க முடியாத வாடகை வீட்டுக்கு அது நல்ல வழிதான். ஆனா பெட்டியின் முன்பக்கம் போர்ட் வேகத்தைப் பெரிசா போடட்டும். 600-ஐ பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டுக்கலாம்.