தூக்கிவிடும் கைகள்

பழைய கோவாவில் மாண்டவி ஆற்றைப் பார்த்தபடி ஒரு குன்று. அதன் உச்சியில் மலை மாதா சிற்றாலயம், போர்ச்சுகீசியர் காலத்துக் கட்டடம். போர்ச்சுகலின் ஃபுண்டசாவ் ஓரியெந்தே அறக்கட்டளை 2000-களின் தொடக்கத்தில் அதைப் புதுப்பித்தது. அதன்பின் அங்கே 'மோந்தே இசை விழா' நடக்கிறது. வழிபாடு நின்றுவிடவில்லை. ஆனால் வெளியூர்க்காரர்கள் அந்த இடத்தை அறிவது கச்சேரிக் கூடமாகத்தான்.

விழாவைப் பற்றி நான் படித்த குறிப்புகள் மாலை வெயிலை, ஆற்றுக் காட்சியை, பழைய சுவர்களுக்குள் நாதம் நிறைவதைப் புகழ்கின்றன. குன்றேறும் கற்படிகள் வந்தாலும் அழகின் பகுதியாகவே வருகின்றன. ஏற முடியாதவள் என்ன செய்வாள் என்று ஒரு வரி இல்லை. என் சண்டை விழாவோடு அல்ல, இப்படி எழுதும் விமர்சனத்தோடு. ஏற முடிந்தவரின் காதை எல்லோருடைய காதாகவும் அது எண்ணிக்கொள்கிறது.

குன்னத்தூரிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போகும் என் தோழி சக்கர நாற்காலியில் இருப்பவள். இந்தப் பக்கத்தில் ஒரு பழைய மண்டபத்தில் கச்சேரி. படியைக் காட்டிக் கேட்டபோது, "நாலு பசங்க இருக்காங்க, தூக்கிவிட்டுருவாங்க" என்றார்கள். அவள் என்னிடம் சொன்னாள்: "பாட்டுக் கேக்கப் போறதுக்கு நான் என்ன மூட்டையா?"

பிரச்சினையின் பெண் முகம் இதுதான். தூக்கும் கைகள் எங்கே படும், சேலை எங்கே விலகும், கூட்டம் எப்படிப் பார்க்கும் என்பதெல்லாம் அவளுக்குத்தான் கணக்கு. நடுவில் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் அதே கைகளை மறுபடி கூப்பிட வேண்டும். அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்ப வேண்டும். அவள் போகாவிட்டால் துணைக்கு வரவேண்டிய அம்மாவும் அக்காவும்கூடப் போவதில்லை. ஒரு படிக்கட்டு இரண்டு மூன்று பெண்களை வீட்டில் நிறுத்திவிடுகிறது.

"பாரம்பரியக் கட்டடம், கை வைக்கக் கூடாது" என்பார்கள். ஆலயம் கச்சேரிக் கூடமாகும்போது மின்கம்பி இழுக்கிறோம், மேடை போடுகிறோம், நாற்காலிகளைத் திருப்பிப் போடுகிறோம். சாய்தளம் என்றதும் மட்டும் கல் புனிதமாகிவிடுகிறது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் தேவாலயத்தில் சாதிகளைப் பிரித்து உட்கார வைக்கச் சுவர் எழுப்பியிருந்தார்கள். அந்தச் சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. ஆலயம் இடியவில்லை. மனம் வைத்தால் கல் அசையும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 29 கலை, பண்பாட்டு வாழ்வில் சமமாகப் பங்கேற்பதை உரிமை என்கிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாயமான குறைந்தபட்சத் தரங்கள் வேண்டும் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்னது. பங்கேற்பது என்றால் கேட்பது மட்டுமல்ல, பாடுவதும்தான். அரங்கத்துக்குச் சாய்தளம் வைத்து மேடைக்கு மூன்று படி விட்டால், அவள் ரசிகையாக இருக்கலாம், பாடகியாக வரக்கூடாது என்றுதானே அர்த்தம்?

ஆகவே கலை விமர்சனம் எழுதப்போகும் மாணவிகளிடம் கேட்கிறேன்: வாசலில் எத்தனை படி, மேடைக்கு எப்படி ஏறுவது, கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம் என்பதையும் எழுதுங்கள். ராகத்தின் பெயரை எழுதும் அதே பத்தியில் எழுதுங்கள்.