தாயின் கண்ணால் தம்மைக் காணும் மகளிர்

‘லவ்லி அண்ட் அமேசிங்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் நிகோல் ஹோலொஃப்செனர் எழுதி இயக்கியது. 2001ஆம் ஆண்டைச் சேர்ந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வாழும் ஜேன் என்னும் தாய்க்குப் புதல்வியர் மூவர்: மணமாகித் தாயுமாகிவிட்ட மிஷெல், நடிகையாக முயலும் எலிசபெத், ஜேன் தத்தெடுத்து வளர்க்கும் எட்டு வயதுக் கறுப்பினச் சிறுமி ஆனி. ஜேன் தன் உடலின் கொழுப்பை உறிஞ்சி அகற்றும் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனைக்குச் செல்கிறாள். எளிதில் முடியவேண்டியது சிக்கலாகி, அவள் அங்கேயே தங்க நேரிடுகிறது. பெருநிகழ்ச்சி என்று கூறத்தக்கது இவ்வளவே.

ஜேன் கடுமையான தாயல்லள். பிள்ளைகளிடம் மிகுந்த அன்புடையவள். ஆயினும் பிள்ளைகள் நம்புவது தாய் தங்களிடம் சொல்வதையன்று, அவள் தன்னையே எவ்விதம் நடத்திக்கொள்கிறாள் என்பதையே. தன் மேனியைப் பழுதென்று கருதி அதனைக் கத்திக்கு ஒப்புவிப்பவள், மகளைப் பார்த்து ‘நீ அழகி’ என்று எத்தனை முறை கூறினும் என்ன பயன்? இந்நோய் இரத்தத்தின் வழியே வருவதென்று எவரேனும் எண்ணினால், ஆனியைக் காண்க. இரத்த உறவே இல்லாத அச்சிறுமியும் அளவின்றி உண்கிறாள். தன் சுருள்முடி நேராகவேண்டுமென்று விரும்புகிறாள். நீச்சற் குளத்தில் இறந்தவளைப் போல மிதந்து பிறரைக் கலங்கச் செய்கிறாள்.

எலிசபெத்தின் காட்சியே படத்தின் உச்சம். கவர்ச்சி போதாதென்று ஒரு வேடத்தை இழந்த அவள், புகழ்பெற்ற நடிகன் ஒருவன் முன்னிலையில் ஆடையின்றி நின்று, தன் உடலின் குறைநிறைகளைக் கூறுமாறு கேட்கிறாள். அவனும் தயங்கித் தொடங்கி, உறுப்பு உறுப்பாகச் சொல்லிக்கொண்டு போகிறான். இவ்விதழின் வாசகருள் சிலர் இங்கே கண்களைத் தாழ்த்தக்கூடும். ஆனால் இக்காட்சியில் இச்சைக்கு இடமில்லை; சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போன்றதொரு பரிசோதனையே நிகழ்கிறது. மாடு தானே வந்து வாயைத் திறந்து நிற்பதுதான் கொடுமை! எமிலி மார்ட்டிமர் இதில் காட்டும் அமைதி எளிதில் மறக்கக்கூடியதன்று. இவளே தெருநாய்களைக் கண்டால் இரங்கி வீட்டிற்கு எடுத்துவருபவள். அந்த இரக்கத்தில் ஒரு துளியும் தனக்கென்று அவள் வைத்துக்கொள்ளவில்லை.

மிஷெலைக் குறித்து நமக்கு மனக்குறை உண்டு. சுள்ளிகளால் சிறு நாற்காலிகள் செய்து கடைகளுக்குக் கொண்டுபோய், வாங்குவாரின்றித் திரும்பும் அவளுடைய எரிச்சலைக் கேத்தரின் கீனர் நகைப்பும் பரிதாபமும் தோன்ற நடிக்கிறார். ஆனால் ஒரு மணி நேரத்தில் நிழற்படம் கழுவித்தரும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்குள்ள பதினேழு வயதுச் சிறுவனோடு அவள் உறவு கொள்வதைப் படம் வேடிக்கையாகவே கடந்துசெல்கிறது. சட்டம் வந்து கையைப் பிடிக்கிறது. அச்சிறுவனுக்கு நேர்ந்தது என்னவென்று இயக்குநர் கேட்பதேயில்லை. தாழ்வுணர்ச்சி கொண்டவர் பிறரைக் காயப்படுத்துவதில்லை என்பது போன்ற இச்சலுகை சரியன்று. ஆண்பிள்ளையாயிற்றே என்ற அலட்சியமும் இதில் கலந்திருக்கிறதோ என ஐயுறுகிறோம்.

கடைசிப் பகுதியில், காணாமற்போன ஆனியை மிஷெல் தேடிச்சென்று, மெக்டொனால்ட்ஸ் உணவகம் ஒன்றில் கண்டுபிடிக்கிறாள். படம் முழுவதும் சிறுமியிடம் எரிந்துவிழுந்த மூத்தவள், இப்போது அவள் எவ்வளவு உண்டாள் என்று கணக்குப் பார்க்கவில்லை, அவளோடு உட்கார்ந்துகொள்கிறாள்.