மலைப்பாதைக்கு எந்தக் கியர் தொகுதி?

கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்குப் போகும் பாதை ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் தொடங்கி 1,868 மீற்றரில் முடிகிறது. பந்தய சைக்கிளின் உயர்ரகக் கியர் தொகுதிகளை எடைபோட இந்த ஏற்றமே போதும்.

ஷிமானோவின் டுரா-ஏஸ், ஸ்ராமின் ரெட், கம்பன்யோலோவின் சூப்பர் ரெக்கோர்ட் மூன்றுமே இன்று பற்றரியில் கியர் மாற்றுபவை. விளம்பரங்கள் எடையைத்தான் முதலில் பேசுகின்றன. ஆனால் மூன்றும் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. வித்தியாசம் 100 கிராமுக்குள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ என்றால், இரண்டு மணி நேர ஏற்றத்தில் அந்த 100 கிராம் மிச்சப்படுத்துவது பத்து வினாடிதான்.

ஏற்றத்தில் காலைக் காப்பாற்றுவது கடைசிக் கியர். டுரா-ஏஸில் முன்னால் 34 பல், பின்னால் 34 பல். 2023இல் வந்த சூப்பர் ரெக்கோர்ட்டில் 29க்கு 29. இரண்டிலும் பெடல் ஒரு சுற்றுக்குச் சில்லும் ஒரு சுற்று. ரெட் மட்டும் 33க்கு 36 வரை இறங்குகிறது. மணிக்கு எட்டுக் கிலோமீற்றரில் தவழும்போது, நிமிடத்துக்கு 63 ஆக இருந்த மிதி 69 ஆகிறது. முழங்கால் இதை உடனே உணரும்.

முன்பக்கக் கியர் மாற்றத்தில் டுரா-ஏஸை மற்ற இரண்டும் இன்னும் எட்டவில்லை. ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வரும் பேராதனை, கம்பளைப் பக்கத்தில் அது பெரிய பலம். ஆனால் அதன் பற்றரி சைக்கிளுக்குள்ளேயே இருப்பதால், சார்ஜ் ஏற்ற முழுச் சைக்கிளையும் பிளக்கிடம் கொண்டுபோக வேண்டும். 2022இல் ஒரே நாளில் 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட நாடு இது. ரெட்டின் பற்றரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போடலாம். வழியில் பின்பக்கப் பற்றரி தீர்ந்தால் முன்பக்கத்ததை அங்கே மாட்டி வீடு சேரலாம். சூப்பர் ரெக்கோர்ட்டின் வேலைப்பாடு அழகு; ஆனால் அதன் முன், பின் பற்றரிகள் ஒன்றுக்கொன்று பொருந்தா.

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் பாதையின் பதினெட்டு வளைவில் இறங்கும்போது பிரேக்தான் உயிர். ரெட்டில் ஊற்றப்படும் டொட் திரவம் ஈரத்தை உறிஞ்சும்; உறிஞ்ச உறிஞ்ச அதன் கொதிநிலை குறையும், சூடேறினால் லீவர் தொய்யும். மழை ஓயாத மலைநாட்டில் இது மெய்யான குறை. ஆனாலும் இதற்குப் பொருந்தும் டொட் 4 திரவம் எந்த மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும், ஆண்டுக்கொருமுறை மாற்றிவிடலாம். மற்ற இரண்டுக்கும் வேண்டிய கனிம எண்ணெயைத் தேடித்தான் வாங்க வேண்டும். இதையெல்லாம் பார்த்தால், கண்டிக்கு என் தெரிவு ரெட்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. டுரா-ஏஸ் செயின் அறுந்தால் அதே ஷிமானோவின் மலிவான 105 தொகுதியின் 12 வேகச் செயின் பொருந்தும். மேல்விளிம்பு தட்டையான ரெட் செயினுக்கோ சாதாரண 12 வேகச் செயின் ஈடாகாது. வாங்கும் நாளிலேயே இன்னொரு செயினையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.