மலிவு யாருக்கு? இப்னு பதூதாவின் வங்க அத்தியாயம்

அரபுப் பயண இலக்கியத்தில் இப்னு பதூதாவின் ரிஹ்லாவைப் போல் உலகெங்கும் பரவிய நூல் வேறொன்று உண்டா என்பது ஐயமே. 1304இல் தாஞ்சியர் நகரில் பிறந்து, 1325இல் ஹஜ்ஜை நாடிப் புறப்பட்ட அவர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அலைந்து திரிந்தபின் ஃபாஸ் நகரில் சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி தம் அனுபவங்களைச் சொல்ல, கிரானடாவைச் சார்ந்த இப்னு ஜுஸய் அவற்றைத் தொகுத்து நூலாக்கினார். 1355இன் இறுதியில் சொல்லி முடிக்கப்பட்ட அந்நூல், 1853 முதல் 1858 வரை பாரிஸில் நான்கு பாகங்களாக அரபு மூலத்துடனும் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடனும் அச்சேறியது. மாணவர்க்கு அரபு உரைநடை பயிற்றுங்கால் இந்நூலின் சில பகுதிகளை நாம் எடுத்துக்கொள்வதுண்டு. அவற்றுள் மாணவர்கள் புன்னகையோடு படிப்பது வங்கநாட்டு விலைப்பட்டியலாகும்.

அந்த வங்க அத்தியாயத்தையே ஈண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் வாழும் கோத்தகிரியைப் பற்றிப் பயண வழிகாட்டிகள் எழுதுவதைக் காண்கிறோம். உதகையிலும் குன்னூரிலும் நெரிசல் மிகுந்துவிட்டது, கோத்தகிரிக்குச் செல்லுங்கள், அங்கே கூட்டமில்லை, செலவும் குறைவு என்கின்றன அவை. இந்தியாவைச் சுற்றிவிட்டு எல்லை கடந்து வங்கதேசம் செல்லும் பயணியர்க்கும் இதே இரண்டு நற்செய்திகளே கூறப்படுகின்றன: பிற பயணியர் இல்லாத நாடு, மலிவான நாடு. அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பயண எழுத்தின் பாராட்டுரை மாறவில்லை. இவ்வாறு பாராட்டப்படும் ஊரிலேயே வாழ்பவர்கள் அந்த அத்தியாயத்தைப் படிக்கும்போது, விலை குறைவு என்று சொல்பவர் யார், அந்த விலைக்கு விற்றவர் யார் என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. இப்னு பதூதாவின் எழுத்தை அக்கேள்வியைக் கொண்டே மதிப்பிட முயல்கிறோம்.

முதலில் அவருடைய சிறப்பைக் கூறிவிடுவது நீதி. டில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் தூதராகச் சீனம் செல்லப் புறப்பட்ட அவர், கள்ளிக்கோட்டையில் கப்பல்களை இழந்து, மாலத்தீவில் காஜியாகப் பணியாற்றி, இலங்கையையும் தமிழகத்தின் மஅபர் கரையையும் கண்டு, மீண்டும் மாலத்தீவு சென்று, அங்கிருந்து 43 இரவுகள் கடலில் கழித்து வங்கத்தை அடைந்தார். அது 1346ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்ததெனக் கருதுவர். அவர் இறங்கிய சுத்காவான் துறைமுகம் இன்றைய சிட்டகாங் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. சாத்காவ் என்பாரும் உளர். அந்நாட்டை அப்போது ஆண்ட ஃபக்ருத்தீன் முபாரக் ஷாவை அவர் சந்திக்கவில்லை. டில்லிக்கு எதிராகக் கிளர்ந்தவரைச் சந்தித்தால் பின்விளைவு உண்டாகுமென அஞ்சியதாக அவரே கூறுகிறார். எந்நாட்டிலும் அரசவையை முதலில் நாடும் அவர், இங்கே அரசவையை விலக்கி, ஒரு மாத வழிப்பயணமாகக் காம்ரூ மலைகளை நோக்கி நடந்தார். அம்மலையில் வாழ்ந்த ஓர் இறைநேசரைக் காண்பதொன்றே நோக்கம்.

அப்பெரியாரை அவர் ஜலாலுத்தீன் தப்ரீஸி என்று குறிப்பிடுகிறார். ஆனால் அப்பெயருடைய ஷைகு, ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டவர். இப்னு பதூதா கண்டது சில்ஹெட்டில் அடங்கியிருக்கும் ஷா ஜலால் (ரஹ்) அவர்களையே என்பது ஆய்வாளர்களின் முடிபு. ஹிஜ்ரி 918ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று சில்ஹெட் முஸ்லிம்களின் ஆட்சிக்கு வந்ததை ஹிஜ்ரி 703, அதாவது 1303 என்று குறிப்பதும் இம்முடிபுக்குத் துணைசெய்கிறது. பயணக் குறிப்புகள் கையிலில்லாமல் நினைவிலிருந்து சொன்னவர்க்குப் பெயர் மயங்கியது வியப்பன்று. பெயர் மயங்கினாலும் காட்சி மயங்கவில்லை. குகையில் வாழ்ந்த முதியவர், தம் பசுவின் பாலைக் கொண்டே நோன்பு திறந்தவர், முஸ்லிமும் முஸ்லிமல்லாதாரும் காணிக்கையோடு தேடிவந்தவர், அக்காணிக்கையை ஏழைகளுக்கும் வருவோர்க்கும் உணவாக்கியவர் என்று சில வரிகளில் ஒரு மனிதரை நம் கண்முன் நிறுத்துகிறார். இன்று டாக்காவின் பன்னாட்டு விமான நிலையத்துக்கு ஷா ஜலாலின் பெயர் 2010 முதல் வழங்குகிறது. அங்கே இறங்கும் பயணி அறியவேண்டிய முதல் வரலாறு இந்த அத்தியாயத்தில்தான் உள்ளது.

மலையிலிருந்து இறங்கியபின் அவர் சென்றது நீர்வழி. தாம் நீல நதி என்றழைக்கும் ஆற்றில் 15 நாள்கள் பயணம் செய்து சோனார்காவ் அடைந்தார். சுர்மா, மேக்னா ஆகிய ஆறுகளின் வழி அது. கோத்தகிரிச் சரிவில் பெய்யும் மழை பவானியில் கலந்து காவிரியோடு தஞ்சைக் கழிமுகம் சேர்வதை அறிந்த நமக்கு, மலையும் கழிமுகமும் ஒரே நீரால் பிணைக்கப்பட்டவை என்பதை விளக்க வேண்டியதில்லை. இரு கரையிலும் நீரிறைக்கும் சக்கரங்களும் தோட்டங்களும் ஊர்களும் தொடர்ந்து வருவதைக் கண்டு, எகிப்தின் நைல் நதியை நினைவுகூர்கிறார். எண்ணற்ற படகுகள், ஒவ்வொரு படகிலும் ஒரு முரசு, இரு படகுகள் எதிர்ப்படும்போது முரசறைந்து முகமன் கூறிக்கொள்ளும் வழக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்கிறார். அவ்வாற்றில் ஃபகீர்களிடம் படகுக் கூலி பெறலாகாது என்ற சுல்தானின் கட்டளையையும் குறிப்பிடுகிறார். ஆறுகள் வழிமாறும் நாடு அது. 1787இன் வெள்ளத்துக்குப் பின்னர் பிரம்மபுத்திராவின் பெருநீர் மேற்கே ஜமுனை வழியாகச் சென்றுவிட, சோனார்காவ்ப் பக்கம் ஓடிய பழைய ஆறு மெலிந்துவிட்டது. அன்று பெருவழியாயிருந்தது இன்று ஒதுக்குவழி. அந்தப் பழைய நீர்வழியின் உயிரோட்டத்தைக் காட்டும் சான்றாகவும் இப்பகுதி விளங்குகிறது.

இனி விலைப்பட்டியலுக்கு வருவோம். ஒரு வெள்ளி தீனாருக்கு டில்லி ராத்தல் கணக்கில் 25 ராத்தல் அரிசி, ஒரு திர்ஹத்துக்குக் கொழுத்த கோழி எட்டு, புறாக்குஞ்சு பதினைந்து, இரண்டு திர்ஹத்துக்கு ஒரு செம்மறிக் கிடா, மூன்று வெள்ளி தீனாருக்குக் கறவைப் பசு என்று அடுக்குகிறார். உலகில் இதைவிட மலிவான நாட்டைத் தாம் கண்டதில்லை என்பது அவர் தீர்ப்பு. பொருளாதார வரலாற்றாளர்கள் இப்பட்டியலைப் பொன்னெனப் போற்றுவர். அதன் பயனை நாம் மறுக்கவில்லை. எனினும் அரிசி விலையைச் சொன்ன கையோடு அவர் ஒரு செய்தி தருகிறார். அந்த விலையே தங்களுக்கு மிகுதி என்று அந்நாட்டு மக்கள் கூறக் கேட்டாராம்.

அத்தியாயம் முழுவதிலும் நாம் பெரிதும் மதிப்பது அந்த ஒரு வாக்கியத்தையே. தமது தீர்ப்புக்கு முரணான சாட்சியை மறைக்காமல் வைத்தது அவருடைய நேர்மைக்குச் சான்று. ஆனால் அதைத் தொடர்ந்து அவர் ஒரு கேள்வியும் எழுப்பவில்லை என்பது குறை. அவர் கையிலிருந்த பொன்னுக்கு மலிவாகத் தோன்றியது, உழுதவனின் உழைப்புக்கு ஏன் விலைமிகுதியாயிற்று? விடையின் ஒரு பகுதி அவர் எழுத்திலேயே கிடக்கிறது. நீல நதிக்கரையின் ஹபங்க் நகரைப் பற்றிச் சொல்லுமிடத்தில், பாதுகாப்புக்குட்பட்ட முஸ்லிமல்லாத அம்மக்களின் விளைச்சலில் பாதி பெறப்படுகிறது, அதற்கு மேலும் கடமைகள் உண்டு என்கிறார். விளைச்சலில் பாதியை இழந்தவனுக்குச் சந்தை விலை எதுவாயினும் சுமையே. இவ்விரு செய்திகளும் ஒரே அத்தியாயத்தில் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. அவற்றைச் சந்திக்கவைப்பது வாசகரின் கடமையாகிவிடுகிறது.

இதனினும் கடினமான ஓரிடம் உண்டு. கோழியும் பசுவும் துணியும் வரிசையாக வரும் அப்பட்டியலிலேயே ஓர் இளம்பெண்ணின் விலையும் வருகிறது: ஒரு பொன் தீனார். அவ்விலைக்கு ஆஷூரா என்ற பெண்ணைத் தாம் வாங்கியதாகவும், தம் தோழர் ஒருவர் லுஃலுஃ என்ற சிறுவனை இரண்டு பொன் தீனாருக்கு வாங்கியதாகவும் இப்னு பதூதா எழுதுகிறார். பெண்ணின் அழகைச் சொல்கிறார். அவள் எவ்வாறு சந்தைக்கு வந்தாள், எவரைப் பிரிந்து வந்தாள் என்று ஒரு சொல்லும் இல்லை. வகுப்பில் இவ்விடம் வரும்போது ஆசிரியர் சிலர் விரைந்து கடந்துவிடுவதும், அது அக்கால வழக்கம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவதும் நாம் அறிந்ததே.

அக்கால வழக்கம் என்பது உண்மையே. அவர் பிறந்த நாட்டிலும் அவர் கண்ட நாடுகள் பலவற்றிலும் அடிமை வாணிபம் நடந்தது. ஆயினும் அவ்விடை இங்கே போதாது. முதலாவதாக, அவர் மாலிகி மத்ஹபின் காஜி. அடிமையை விடுதலை செய்வது பற்றிய பாடத்தைக் கற்றவர், அதன்படி தீர்ப்பளிக்க வேண்டிய பொறுப்பில் இருந்தவர். இரண்டாவதாக, அவர் மனச்சான்று எங்கும் உறங்கியதன்று. வங்கத்துக்கு வருமுன் மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் கொடுமைகளை மஅபரில் நேரில் கண்டார். அந்த சுல்தான் அவருக்கு மனைவி வழி உறவினர். சிறைப்பட்டவர்களும் அவர்தம் பெண்டிரும் பிள்ளைகளும் கொல்லப்பட்டதை எழுதி, எந்த அரசரும் இப்படிச் செய்ததைத் தாம் அறிந்ததில்லை என்கிறார். அச்செயலின் பொருட்டே இறைவன் அவர் மரணத்தை விரைவுபடுத்தினான் என்றும் தீர்ப்பளிக்கிறார். உணவு வேளையில் ஒருவன் குடும்பத்தோடு வெட்டப்பட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டதையும், மற்றொரு முறை தொழுகைக்குச் செல்வதாகக் கூறி எழுந்ததையும் மறைக்கவில்லை. உறவினரும் ஒரு மார்க்கத்தவருமான அரசரின் வாளை அநீதி என்று சொல்லத் துணிந்த அதே பேனா, சந்தையில் நின்ற சிறுமியின் முன் விலையை மட்டுமே குறித்தது. இரத்தம் சிந்தும் கொடுமையை எளிதில் அடையாளம் காணும் கண், மலிவாக நமக்குக் கிடைக்கும் கொடுமையைக் காணத் தவறுகிறது. இது இப்னு பதூதாவுக்கு மட்டும் உரிய குறையன்று.

ஷா ஜலால் அடங்கிய சில்ஹெட் இன்று தேயிலை நாடு. அங்குள்ள மால்னிச்செரா தோட்டம் 1854இல் தொடங்கப்பட்டது. ஆங்கிலேயர் காலத்தில் பீகார், ஒடிசா முதலிய பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களே தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோர். 2022 ஆகஸ்டில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்தம் நாட்கூலி 120 டாக்கா. 300 டாக்கா கேட்டனர், 170 டாக்காவில் முடிந்தது. பசுமையான அத்தோட்டங்களை ஒதுக்குவழியின் அழகு என்று எழுதும் பயணநூலார் எத்தனை பேர் இவ்வெண்களைக் குறித்தனர்? நம் கோத்தகிரியிலும் 2023 செப்டம்பரில் சிறு தேயிலை விவசாயிகள் பச்சைத்தேயிலைக்குக் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு குறைந்தபட்ச விலையாக வேண்டுமென்று தொடர் உண்ணாவிரதம் இருந்தனர். கூட்டமில்லாத மலையென்று இங்கு வந்து, தேயிலைத்தூள் மலிவென்று மகிழ்ந்து வாங்கிச் செல்வோர்க்கும் வங்கத்து அரிசிச் சந்தையில் நின்ற அந்த மக்ரிபுப் பயணிக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. ஒரு வேறுபாடு உண்டெனில், அவர் ஊர்மக்கள் சொன்னதைக் கேட்டு எழுதியாவது வைத்தார்.

திருமறை பூமியில் பயணம் செய்யுமாறு கூறும் இடங்களில், பாருங்கள் என்பதையும் உடன் சேர்த்தே கூறுகிறது. அல்பலத் அத்தியாயமோ அகபா என்னும் ஏறுதற்கரிய மலைப்பாதையைச் சுட்டி, அடிமைத்தளையை அவிழ்ப்பதும் பசி நாளில் உணவளிப்பதுமே அது என விளக்குகிறது. காம்ரூ மலையை ஏறிய இப்னு பதூதா, அங்கே வருவோர்க்கெல்லாம் உணவளித்த பெரியாரைக் கண்டு போற்றினார். சந்தையில் நின்ற பெண்ணின் முன் அப்பாதையை அவர் நினைக்கவில்லை. ரிஹ்லாவைக் குறைத்து மதிப்பிட இதைக் கூறவில்லை. அதன் எல்லாப் பக்கங்களையும் நம் மாணவர் படிக்க வேண்டும் என்பதற்காகவே கூறுகிறோம். இனி இந்த அத்தியாயத்தைப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், எட்டுக் கோழியின் விலையைச் சொல்லுமிடத்தில் விளைச்சலில் பாதி போனதையும், விலை மிகுதி என்று மக்கள் சொன்னதையும், ஆஷூராவின் பெயரையும் சேர்த்தே சொல்வார்களாக.