சிவப்பு கறுத்த படம்

வல்லம் வடகாலில் நான் குடியிருக்கும் வீட்டின் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. முதல் நாள் பார்த்தபோது யாரோ ஜமீன்தார் என்று நினைத்துவிட்டேன். ஜிகினாக் கிரீடம், கழுத்துவரை பொத்தான் போட்ட சரிகைக் கோட்டு, தோளில் அங்கவஸ்திரம், இடுப்பில் வாள். கிட்டப் போய்ப் பார்த்தால் வாளுறை வெறும் அட்டை. "எங்க தாத்தா சார். நாடகத்துல ராஜபார்ட். காஞ்சிபுரம் போய் எடுத்துக்கிட்டது" என்றார் வீட்டுக்காரர்.

தாத்தாவுக்குப் பின்னால் மாளிகைப் படிக்கட்டு மேலேறிப் போகிறது. எல்லாம் படுதாவில் எழுதியது. அதன் கீழ் ஓரம் சுருண்டுகொண்டதில் ஸ்டூடியோவின் கோரைப்பாய் வெளியே தெரிகிறது. வாளைப் பிடித்த வலது கை கல்லாக நிற்கிறது. இடது கையின் சுண்டுவிரல் மட்டும் கலைந்து புகைபோல இருக்கிறது. ஸ்டூடியோக்காரர் கூரைக் கண்ணாடி வழியாக இறங்கும் பகல் வெளிச்சத்தை நம்பிப் படம் பிடித்த காலம் அது. லென்ஸ் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டும்வரை ஆசாமி மூச்சுவிடாமல் நிற்க வேண்டும். தாத்தா நின்றுவிட்டார், விரல் நிற்கவில்லை. உள்ளுக்குள் ஏதோ தாளம் ஓடியிருக்கிறது என்று நானாக வைத்துக்கொண்டேன்.

நாடகப் படுதாவுக்கும் ஸ்டூடியோப் படுதாவுக்கும் உறவு உண்டு. இரண்டையும் எழுதிய கை பல ஊர்களில் ஒன்றேதான். சென்னை ஓவியப் பள்ளியில் படித்த சி. கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதியவர். கம்பெனி கலைந்ததும் கோவில்பட்டியில் தங்கி, போட்டோ ஸ்டூடியோ நடத்தி, கடைசியில் காலண்டர் சாமிகளை வரைந்தார். அவருடைய லட்சுமிக்குப் பின்னால் இருக்கும் தூணையும் திரைச்சீலையையும் பாருங்கள், அது வைகுண்டம் இல்லை, நாடக தர்பார். சாமியே மேடையேறி நிற்பதுபோல இருப்பதால்தான் எனக்கு அந்தக் காலண்டர்கள் பிடிக்கும்.

ஆடுபவர்களின் படங்களின் கதை வேறு. 1900களின் தொடக்கத்தில், சென்னையில் வீல் அண்ட் க்ளைன் போன்ற வெள்ளைக்கார ஸ்டூடியோக்கள் கொடிகட்டிப் பறந்த நாட்களில், தாசிகளின் படங்கள் அஞ்சலட்டைகளாகக் கடல் கடந்தன. கீழே 'நாட்ச் கேர்ள்' என்று அச்சடித்திருக்கும். அந்தப் பெண்ணின் பெயர் இருக்காது. வாங்கியவன் பண்டத்தைப் பார்த்தான், நாம் அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பெண் கால்சட்டையின் மேல் பட்டுப் புடவையைச் சுற்றி, கொசுவத்தை முன்னால் கொத்தாகத் தொங்கவிட்டிருக்கிறார். இன்று மேடையில் விரிகிற தைத்த விசிறி மடிப்பு அங்கே கிடையாது. நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அடையாறில் ஆடிய 1935க்குப் பிறகு பரவிய உடை அது. அவர் பக்கவாட்டில் உட்காரவைத்த பக்கவாத்தியக்காரர்கள் இந்த அட்டைகளில் ஆடுபவளின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள். மத்தளத்தை இடுப்பில் கட்டியவர் ஒருவர், சுருதிக்கு ஊதும் துத்தியை அக்குளில் இடுக்கியவர் ஒருவர், தாளத்தோடு நட்டுவனார். தாசியாட்டக் குழுவான சின்ன மேளத்தின் நடமாடும் கச்சேரி அப்படியே உறைந்திருக்கிறது. அஞ்சலட்டைக்காரனுக்கு இதெல்லாம் தெரிந்து எடுத்ததாகத் தோன்றவில்லை.

தாத்தா படம் எடுத்துக்கொண்ட அதே காஞ்சிபுரத்தில்தான் 1925இல், ஏழு வயதில், நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதிக்கு அம்மனாட்சி அம்மன் கோயிலில் அரங்கேற்றம் நடந்தது. பாலாவின் படங்களுக்குக் கீழே அவர் பெயர் இருக்கிறது. இடைப்பட்ட இருபது ஆண்டு தூரம் சாதாரணமானதில்லை.

நாடக மேடையின் பாட்டுக்காரர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல், 27 வயதில் போய்விட்டார், சினிமாவில் தலைகாட்டாமலே. குரல் கிராமபோன் தட்டில் தங்கிவிட்டது, உருவம் சில படங்களில். இரண்டையும் சேர்த்து நாமாகத்தான் மேடையேற்றிக்கொள்ள வேண்டும். தட்டைச் சுழலவிட்டு, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மூடிய வாயிலிருந்து பாட்டு வருவது முதலில் கூச்சமாக இருக்கும், இரண்டாவது பாட்டில் பழகிவிடும்.

இந்தப் படங்களைப் பார்க்க ஒரு சூட்சுமம் உண்டு. பழைய கண்ணாடி பிளேட் நீலத்துக்கு மட்டுமே மசியும். நீலப் புடவை வெளுத்துப்போகும். மஞ்சள் பூசிய முகமும் அரிதாரமும் கறுக்கும், வெற்றிலைச் சிவப்பு ஏறிய உதடு மை தடவியதுபோல் ஆகும். பிறகு வந்த ஆர்த்தோ பிளேட் மஞ்சளை ஓரளவு கண்டுகொண்டது. சிவப்பு அதற்கும் இருட்டுதான். ஆகவே அந்தக் கால நாட்டியக்காரிகள் எல்லாரும் கறுப்புப் பட்டுக் கட்டினார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

போன பொங்கலுக்கு வீட்டுக்காரரின் மகன் தாத்தா படத்தைக் கைப்பேசியில் பிடித்து, ஏதோ செயலியில் போட்டுக் கலராக்கிக் கொண்டுவந்தான். பக்கத்திலேயே கைப்பேசி செய்கிற ஊர், அவனும் அந்த வேலையில்தான் இருக்கிறான். முகம் பளபளவென்று வந்திருந்தது. வாளுறை நிஜ வெள்ளியாகிவிட்டது. அங்கவஸ்திரம் மட்டும் அட்டக்கறுப்பு.

திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாங்கிப் பார்த்தார். "இத யாருடா கறுப்பா மாத்தினது? அரக்குப் பட்டு. பெட்டியில ரொம்ப நாள் கிடந்துது, நானே தொட்டிருக்கேன்."

பழைய ஸ்டூடியோக்காரர் படத்துக்கு வர்ணம் தீட்டுவதானால் "புடவை என்ன நிறம்?" என்று கேட்டுவிட்டுத்தான் தூரிகையை நனைப்பார். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அத்தை பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்து, "எந்த மாதிரி அரக்கு?" என்று கேட்டான்.