திருடு போகும் காசோலையா, திரும்பி வராத வயரா?

அமெரிக்காவில் வீடு கைமாறும்போது வாங்குபவரின் பணம் நேராக விற்பவர் கைக்குப் போவதில்லை. சொத்துரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் நிறுவனமோ வழக்கறிஞரோ இருவருக்கும் பொதுவாகப் பராமரிக்கும் எஸ்க்ரோ கணக்கில் விழுந்து, அங்கிருந்து பிரிகிறது: பழைய அடமானக் கடனின் பாக்கி, சொத்து வரி, தரகர் கமிஷன், மீதி விற்றவருக்கு. இவற்றில் சில இன்றும் காசோலையாகத் தபாலில் போகின்றன. தொகையும் பெரிது, கணக்கில் இருப்பும் உறுதி. திருடனுக்கு வேறென்ன வேண்டும்?

அமெரிக்க நிதியமைச்சகத்தின் ஃபின்சென் பிரிவு 2023 பிப்ரவரியில் தபால் திருட்டுக் காசோலைகள் பற்றி எச்சரித்தது. அடுத்த ஆறு மாதங்களில் நிதி நிறுவனங்களிடமிருந்து 15,417 அறிக்கைகள் வந்தன; அவற்றில் சொல்லப்பட்ட தொகை 68 கோடி டாலருக்கு மேல். 44 சதவீதத்தில் காசோலையைத் திருத்தியிருந்தார்கள். 26 சதவீதத்தில் அதைப் பார்த்துப் போலி அச்சடித்தார்கள். 20 சதவீதத்தில் பொய்க் கையெழுத்து.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், காசோலையை ஜெல் பேனாவால் எழுதுங்கள் என்று அடிக்கடி கேட்கும் யோசனையின் மதிப்பு தெரிந்துவிடும். அசிட்டோனில் கழுவினாலும் ஜெல் மை எளிதில் போகாது என்பது உண்மை. ஆனால் போலி அச்சடிப்பவன் எதையும் கழுவுவதில்லை. டைட்டில் நிறுவனக் காசோலைகளில் பெயரும் தொகையும் பெரும்பாலும் பிரிண்டரில் வருபவை. பேனாவுக்கு அங்கே கையெழுத்தைத் தவிர வேலையில்லை. கண்காணிப்பு எண் போட்ட தபாலும் உறை எதுவரை போனது என்பதைச் சொல்லும், அவ்வளவுதான். கடன் கொடுத்த வங்கியின் கைக்குப் போய்ச்சேராமல் காசோலை களவு போனால் கடன் தீர்ந்ததாகாது. வட்டி நாள்கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். 2023 மே மாதம் அமெரிக்க அஞ்சல் துறை 49,000 பூட்டுகளை மின்னணுப் பூட்டுகளாக மாற்றப்போவதாக அறிவித்தது. ஒரே சாவி ஒரு வட்டாரத்தின் பெட்டிகளை எல்லாம் திறக்கும் ஏற்பாட்டுக்கு அது தேவையான வைத்தியம்தான். உள்ளே வேலை பார்ப்பவரே எடுத்தால் எந்தப் பூட்டு என்ன செய்யும்?

உருப்படியான காவல் பாசிட்டிவ் பே. எழுதிய காசோலைகளின் எண், தேதி, தொகையை வங்கிக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டால், பொருந்தாதது வரும்போது வங்கி நிறுத்திக் கேட்கும். (2021 முதல் இந்தியாவிலும் இதே பெயரில் ஒரு முறை உண்டு.) பெறுபவர் பெயரையும் ஒப்பிடும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பெயரை மட்டும் மாற்றியவன் தப்பிவிடுவான். அதற்கும் ஓர் ஓட்டை இருக்கிறது: முன்பக்கத்தைத் தொடாமல், பின்பக்கம் பொய் மேலொப்பம் போட்டால் எல்லாம் பொருந்தும். அதைத் தினசரிக் கணக்குச் சரிபார்ப்பிலும் கண்டுபிடிக்க முடியாது. பணம் வரவில்லை என்று விற்றவர் கூப்பிட்டால்தான் தெரியும்.

அப்படியானால் எல்லாவற்றையும் வயரில், அதாவது வங்கிக்கு வங்கி மின்னணுப் பரிமாற்றத்தில், அனுப்பிவிடலாமே என்பார்கள். இங்கேதான் நிதானிக்க வேண்டும். திருத்திய காசோலையின் நஷ்டம், வாடிக்கையாளரின் அலட்சியம் இல்லாதவரை, பொதுவாக வங்கிகள் தலையில் விழும். நேரத்தில் புகார் செய்ய வேண்டும் என்பதும் நிபந்தனை. வயரில் அந்தப் பாதுகாப்பு தலைகீழ். பெயர் ஒன்று, கணக்கு எண் வேறொருவருடையது என்றாலும், முரண்பாடு தெரியாத வங்கி எண்ணை மட்டும் நம்பிப் பணம் வரவு வைக்கலாம் என்கிறது அங்குள்ள வணிகச் சட்டம். மின்னஞ்சலில் புகுந்து கணக்கு எண்ணை மாற்றும் மோசடி போன்றவற்றில் 2023-இல் பறிபோனதாக எஃப்பிஐயிடம் பதிவானது 290 கோடி டாலர். தபால்பெட்டியை உடைப்பவனை விட இவன் தொலைவில் இருக்கிறான், பணமும் சில மணி நேரத்தில் கைமாறிவிடுகிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. கடன் பாக்கியும் விற்றவரின் பணமும் வயரில்தான் போக வேண்டும், ஒரு நிபந்தனையோடு: கணக்கு எண்ணை உறுதிசெய்யும் தொலைபேசி அழைப்பு, வந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அல்லாமல், தனியாகத் தேடி எடுத்த எண்ணுக்குச் செல்ல வேண்டும். அந்த அழைப்பைச் செய்ய ஆளில்லாத அலுவலகத்துக்கு, பெயர் ஒப்பிடும் பாசிட்டிவ் பேயும் கூரியரும் சேர்ந்த காசோலையே மேல். சிறு தொகைகளுக்கு எல்லா அலுவலகங்களுக்கும் அதுவே போதும். எண்ணோடு பெயரையும் சரிபார்க்கும் முறை பிரிட்டனின் பெரிய வங்கிகளில் 2020-இல் வந்துவிட்டது. இந்திய ரிசர்வ் வங்கியும் 2025 ஏப்ரலுக்குள் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியைத் தரச் சொன்னது. அமெரிக்க வங்கிகள் எல்லாவற்றுக்கும் அது கட்டாயமாகும் நாளில் காசோலைக்கு நான் விட்டுவைத்த இந்த இடமும் தேவைப்படாது.