நால்வகைப் பௌத்தமும் நிரஸன க்ரமமும்

பௌத்தர் அனைவரையும் ‘வேதபாஹ்யர்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும் வழக்கம் அண்மைக்காலக் கட்டுரைகளில் மிகுந்து வருகிறது. அரியூரில் சிலர் கூடிப் பரமதபங்கத்தை ஸேவித்தபோது இளைஞரொருவர் வினவினார்: “நால்வரும் கழிக்கப்படுபவரே எனில், அவர்களுள் வேற்றுமை அறிவதால் நமக்கு என்ன பயன், ஸ்வாமி?” இதற்கான விடை ஆசார்யர்களின் நூலமைப்பிலேயே உள்ளது.

புறப்பொருள் உண்டு, அது ப்ரத்யக்ஷத்தால் அறியப்படும் என்பான் வைபாஷிகன். உண்டு, ஆயினும் ஞானத்தில் தோன்றும் ஆகாரத்தைக் கொண்டு அநுமானிக்கப்படுவதே என்பான் ஸௌத்ராந்திகன். ஞானமொன்றே உண்டு என்பான் யோகாசாரன். யாவும் சூன்யம் என்பான் மாத்யமிகன். யோகாசாரனை மறுக்கப் புறப்பொருளை நிலைநாட்டும் யுக்தியை வைபாஷிகன்மேல் ஏவினால், அவன் அதனை மகிழ்ந்து ஏற்பான். எதிரியை அறியாத வாதம் அவனுக்கே துணையாகும்.

ஆதலின் பாஷ்யகாரர் வகுத்தே மறுத்தார். ஸமுதாயாதிகரணத்தில் முதலிருவரையும் எடுத்து, க்ஷணிகமான அணுக்கள் திரளாக இயலாமையையும், முன் கண்டதையே மீண்டும் அறிகின்ற அநுபவம் பொருந்தாமையையும் காட்டினார். உபலப்த்யதிகரணத்தில், அறிபவனும் அறியப்படுபொருளும் இன்றி அறிவு தோன்றுவதில்லை என்று யோகாசாரனை மறுத்தார். சங்கரர் இறுதி ஸூத்ரத்தைப் பௌத்த நிரஸனத்தின் முடிவுரையாகவே கொண்டு, சூன்யவாதத்தைத் தனியே ஆராயாது விடுத்தார். எம்பெருமானாரோ அதனைத் தனி அதிகரணமாக்கி, மாத்யமிகனுக்கும் பூர்வபக்ஷம் உரைக்க இடமளித்தார். ‘இல்லை’ என்பதும் உள்ளதொரு பொருளின் வேறொரு நிலையையே குறிக்குமாதலின், முற்றும் சூன்யம் என்பது சொல்லவும் ஒண்ணாதது என்பது அவர் காட்டிய யுக்தி.

அரியூருக்குத் தெற்கே, கெடிலக்கரையிலுள்ள திருவஹீந்திரபுரத்தில் ஸ்வாமி தேசிகன் பரமதபங்கத்தை அருளிச்செய்ததாகப் பெரியோர் கூறுவர். அதில் வரிசை தலைகீழாகிறது. லோகாயதனுக்கு அடுத்து மாத்யமிகன், பின் யோகாசாரன், ஸௌத்ராந்திகன், இறுதியில் வைபாஷிகன். ஸ்ரீபாஷ்யம் மிகுதியாக ஒப்புபவனிடமிருந்து ஏதும் ஒப்பாதவனிடம் இறங்குகிறது. தேசிகன் அங்கிருந்து படிப்படியாக ஏறுகிறார். ஜகத்து ஸத்யம் என்னும் நம் நிலைக்கு அவர்களுள் யார் எவ்வளவு அணுக்கர் என்பதை இவ்வரிசையே உணர்த்துவதாக அடியேன் கருதுகிறேன். அணுகி வந்த வைபாஷிகனும் நிலையான ஆத்மாவை ஒப்பாமையால் வாசலிலேயே நின்றுவிடுகிறான்.

இங்கு ஒரு குறையையும் மறைத்தலாகாது. இந்நால்வகைப் பகுப்பு பௌத்தம் முழுவதையும் அளந்ததன்று. சோழநாட்டில் அபிதம்மாவதாரம் இயற்றிய புத்ததத்தர், இலங்கையில் வழங்கிய ஸ்தவிரவாதத்தைச் சேர்ந்தவர். அவரை வைபாஷிகர் என்று எண்ணிவிடுதல் பிழை. உடையவர் காலத்திலேயே, 1090-இல், நாகப்பட்டினத்துப் பௌத்த விஹாரத்துக்கு முதற் குலோத்துங்கன் அரசாணை வழங்கினான். பௌத்தர் அன்று ஏட்டில் மட்டும் இருந்தவரல்லர். அவர்களை எழுதப்புகுவோர் அவரவர் கூற்றை அவரவர் நூல்கொண்டே அறிதல் வேண்டும்.

திருமழிசைப்பிரான் பிற சமயங்களை ஆராய்ந்த பின்னரே திருமால்பால் நிலைபெற்றார் என்பது குருபரம்பரைச் செய்தி. ஆராயாமல் கழித்தவனின் உறுதி பிறர் வினாவுக்கு அஞ்சும். ஆராய்ந்து தெளிந்தவனின் உறுதியே சரணாகதிக்கு அரணாகும். இளைஞரின் வினாவுக்கு விடை இதுவே.